கோள்களுக்கு நான் போட்ட புள்ளி

என் வயதில் ஒருவர் தன் பிழையைச் சொல்ல வந்தால், முதலில் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் பிழைக்கு வருவார். நானும் இதைப் பலருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இங்கே பிழையை முதலில் எழுதுகிறேன். என் மனைவியைப் பராமரிக்க வந்த பெண்ணுக்குக் கிடைக்கவிருந்த ஒரு வேலையை நான் கெடுத்தேன். ஒரு தாளின் கீழே பத்துக்கு ஆறு என்று எழுதிக் கெடுத்தேன்.

மனைவிக்குப் பாரிசவாதம் வந்து மூன்றாவது வருடம் அது. வலப்பக்கம் வேலை செய்யாது. பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லாக, படியேறுகிறவர் மூச்சு வாங்குவதுபோல வரும். வாரத்தில் நான்கு காலைகள் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் வந்து அவளைக் கட்டிலிலிருந்து தூக்கிக் குளிக்கவார்த்து நாற்காலியில் இருத்திவிட்டுப் போவார். ஐம்பது வயது தாண்டியவர். தன் ஊரில் ஆரம்பப் பள்ளியில் விஞ்ஞானம் படிப்பித்தவர், அதுவும் தங்கள் தகலோக் மொழியில். இங்கே கனடாவில் பதினைந்து வருடமாக ஆட்களைத் தூக்கித் தூக்கி அவருடைய நாரி, இடுப்பின் பின்பக்கம், போய்விட்டது. உடுப்புக்கு மேலால் ஓர் அகலமான இழுவைப் பட்டி கட்டிக்கொண்டுதான் வேலை தொடங்குவார். இனித் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்பதையும் அவரே எனக்குச் சொன்னார். “இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும், சேர். அதற்கு மேல் தாங்காது” என்றார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று யாரும் எண்ணவேண்டாம்.

இலங்கையில் வாத்தியாராக இருந்தவன் என்பதால், எங்கள் நகரத்தின் வில்லரேப் பகுதியில் ஒரு சமூக நிலையத்துக்கு நான் செவ்வாய்க்கிழமைகளில் போய் ஆங்கிலத் தாள்களைத் திருத்திக் கொடுப்பேன். ஊதியமில்லை, கோப்பி உண்டு. அங்கே காற்றடித்து எழுப்புகிற ஒரு கறுப்புக் கூடாரம் வாங்கியிருந்தார்கள். உள்ளே பாயில் படுத்துக்கொண்டு மேலே கோள்கள் சுற்றுவதைப் பார்க்கலாம். புதிதாக நாட்டுக்கு வந்த குடும்பங்களுக்காக, கோள்களைப் பற்றிய சொற்களையும் சொற்றொடர்களையும் ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் மறுபக்கம் அவரவர் மொழியிலும் அச்சிட நினைத்தார்கள். தகலோக்குக்கு ஒருவரை அரைநேர வேலைக்கு எடுப்பதாக அறிவித்தார்கள். கதிரையில் இருந்து செய்கிற வேலை. அந்த அறிவித்தலை அவருக்குக் கொண்டுவந்து காட்டியவனே நான்தான். காட்டும்போது எனக்கு என்னைப் பற்றி நல்ல எண்ணமாக இருந்தது. அவருக்கு அது கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பரீட்சை என்னவென்றால், ஆங்கிலத்தில் நாற்பது தொடர்கள். விண்ணப்பிக்கிறவர் அவற்றைத் தகலோக்கில் எழுதவேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொரு தகலோக்காரர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். பிறகு ஆங்கிலம் நன்கு தெரிந்த இருவர், தனித்தனியாக, இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பத்துக்குப் புள்ளி போடுவார்கள். அந்த இருவரில் ஒருவன் நான். மற்றவர் ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யிலிருந்து வருகிற ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி.

தாள்களில் பெயர் இராது, இலக்கம்தான். ஆனால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர் தன் தாளை எங்கள் குசினி மேசையில் இருந்துதான் எழுதினார். மனைவி குளித்து முடித்து நாற்காலியில் இருக்க, அவர் ஒவ்வொரு தொடராக வாசித்துக் காட்டுவார். சனியின் வளையங்களுக்குத் தகலோக்கில் விரலில் போடுகிற மோதிரத்தின் சொல்லே போதுமாம். மனைவியின் கல்யாண மோதிரத்தைத் தொட்டு “சிங்சிங்” என்றார். மனைவி அதைத் திருப்பிச் சொன்னாள். ஒரே மூச்சில் அவள் சொன்ன சொல் அந்த வாரத்தில் அது ஒன்றுதான். நான் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரகணத்துக்கு அவர்களிடம் லாஹோ என்று ஒரு பழைய சொல் இருக்கிறது என்றும் சொன்னார். அது எங்கள் ராகுவேதான் என்று பின்னாளில் ஒரு புத்தகத்தில் பார்த்தேன். அன்றைக்கு நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தாள் என்னிடம் வந்தது. சனியின் மோதிரங்கள் என்று திரும்பி வந்த தொடரைப் பார்த்ததும் யாருடைய தாள் என்று தெரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கவேண்டும். நான் திருத்தினேன். மோதிரத்துக்கு அரைப்புள்ளி வெட்டினேன். ‘விடிவெள்ளி ஒரு நட்சத்திரமல்ல, அது வெள்ளி என்ற கோள்’ என்பது, ‘விடியுமுன் ஒளிர்வது வெள்ளிக் கோள், நட்சத்திரமல்ல’ என்று வந்திருந்தது. அதற்கும் வெட்டினேன். செவ்வாய் ஏன் சிவப்பு என்ற தொடரில் மண் என்ற சொல் வரவில்லை என்று வெட்டினேன். இப்படியே கடைசிவரை வெட்டிக் கூட்டிப் பார்க்க ஆறு வந்தது. கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் நிலையத்தில் இதற்குப் பொறுப்பான பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். மன்னார்க் குடும்பம், இங்கே பிறந்து வளர்ந்தவள்.

“அங்கிள், நீங்கள் ஒரு தாளுக்கு ஆறு போட்டிருக்கிறீங்கள். மற்றவ ஒன்பது போட்டிருக்கிறா.”

“ஆறு நல்ல புள்ளிதானே, பிள்ளை. நான் என்ர காலத்தில நூற்றுக்கு எழுபதுக்கு மேல ஒருத்தருக்கும் போட்டதில்லை.”

“இங்க ஆறு எண்டா ஃபெயில், அங்கிள். ஒராள் ஏழுக்குக் கீழ போட்டாலும் அவவை நாங்கள் கூப்பிடேலாது. ஒருக்காத் திரும்பிப் பாக்கிறீங்களோ? வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு.”

நான் திகைத்துப்போனேன். நடிக்கவில்லை, உண்மையாகவே திகைத்தேன். நல்ல பிள்ளைகளுக்கு நான் போட்டு வந்த புள்ளி அது. அறுபது வாங்கியதை வீட்டில் கொண்டாடியவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் இங்கே ஒருவரின் கழுத்தில் கத்தியாக இறங்கும் என்று நினைக்கவில்லை என்றுதான் எனக்கு நானே சொன்னேன்.

ஆனாலும் அவளுக்கு நான் சொன்ன பதில் வேறு. “போட்ட புள்ளியை நான் மாத்துறேல்லை, பிள்ளை” என்றேன். அதுவும் எங்கள் வழக்கம்தான். பிள்ளையின் தகப்பன் வந்து நின்றாலும், பாதிரியார் சொன்னாலும், சிவப்பு மையில் எழுதியதை மாற்றாதவனே வாத்தியார். என் சொந்த அண்ணனின் மகனுக்கே நான் மாற்றவில்லை. தெரிந்த ஆள் என்பதற்காகக் கூட்டிப் போட்டால் அதற்குப் பெயர் என்ன? அப்படி யோசித்தபோது எனக்கு நிமிர்வாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வேலை நீண்டு, மத்தியானமும் அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். மனைவியைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். நான் அடுத்த அறையில் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டரையும் ஆனது.

கடிதம் கிடைத்த அன்று அவர் வழக்கம்போல வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, கிடைக்கவில்லை சேர் என்றார். நான் கவலை தெரிவித்தேன். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். இன்னொரு சந்தர்ப்பம் வரும் என்றும் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது இதை ஒரு பகிடியாகச் சொன்னேன். இலங்கை வாத்தியார் போட்ட ஆறும் கனடாக்காரர் விளங்கிக்கொண்ட ஆறும் என்று. எல்லாரும் சிரித்தார்கள். என்னிடம் ஒரு காலத்தில் படித்தவர் ஒருவர், தலை முழுக்க நரைத்தவர், “மாஸ்ரரிட்ட ஆறு எடுத்த ஆளை இவங்கள் நாசாவுக்கெல்லோ அனுப்பியிருக்கவேணும்” என்றார். நானும் சிரித்தேன். இரண்டு மூன்று ஞாயிறுகள் அந்தக் கதை ஓடியது.

பனி உருகுகிற காலத்தில் மனைவியின் ஆஸ்பத்திரி அட்டையைத் தேடி மேசை இழுப்பறையைக் கொட்டினேன். திருத்துவோருக்கென்று நிலையம் முதல் நாளே தந்த விதிமுறைத் தாள் அதற்குள் கிடந்தது. ஒரே பக்கம். கடைசி விதி: ஒப்பிடுவோரில் எவரேனும் ஏழுக்குக் குறைவாக இட்டால் விண்ணப்பதாரர் அழைக்கப்படமாட்டார். அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. அடிமட்டம் வைத்து இழுத்த கோடு. பக்கத்து ஓரத்தில், என் சின்ன எழுத்தில், தமிழில் இரண்டு சொற்கள்: ‘யார் தூக்குவது?’

நான் கட்டிலின் ஓரத்தில் இருந்துவிட்டேன். கோடு இழுத்த ஞாபகம் எனக்கு இல்லை. எழுதிய ஞாபகமும் இல்லை. வேறு யாராவது எழுதியிருப்பார்களோ என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் யோசித்தேன். எங்கள் வீட்டில் எழுதக்கூடியவன் நான் ஒருவன்தான். மனைவியின் வலக்கை மடியில் கிடக்கிறது. விதி தெரிந்தே, அவர் போய்விடுவார் என்ற பயத்தில், கோளுக்கு அரையும் நட்சத்திரத்துக்கு அரையுமாக வெட்டி வெட்டி ஆறுக்கு இறக்கியிருக்கிறேன். தொலைபேசியில் திகைத்தேனே, அந்தத் திகைப்பும் உண்மை. ஒரு மனிதனுக்குத் தான் செய்ததைத் தனக்கே தெரியாமல் மூடிவைக்க முடிகிறது என்பது எழுபத்தெட்டு வயதில் எனக்குத் தெரியவந்தது. ஆஸ்பத்திரி அட்டையை அன்று நான் தேடவேயில்லை.

மறுநாள் அவர் வந்து வேலை முடித்து, மனைவிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது தாளை மேசையில் வைத்துச் சொன்னேன். ஆறு போட்டவன் நான். விதி தெரிந்து போட்டேன். மாற்றச் சொல்லிக் கேட்டார்கள், மாற்றவில்லை. ஆங்கிலத்தில் சுருக்கமாகத்தான் சொன்னேன். நீட்டினால் காரணம் வந்துவிடும் என்று பயந்தேன். ஆனாலும் வந்துவிட்டது. நீங்கள் போனால் இவளை யார் பார்ப்பது என்று பயந்துபோனேன் என்றேன்.

மனைவி வாயிலிருந்த கஞ்சியை விழுங்கினாள். அவள் பேசத் தயாராவது எனக்குத் தெரியும், முதலில் உதடு அசையும். நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

“என்னைச்... சாட்டாதேங்கோ” என்றாள்.

தன்னைக் காரணம் காட்டவேண்டாம் என்பது, அவ்வளவுதான். பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அது என்னவென்று கேட்கவும் இல்லை. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். அவர் கோபப்படுவார் என்று நான் ஆயத்தமாக இருந்தேன். அவர் சொன்னது வேறு.

“நீங்கள் போட்டது என்று எனக்குத் தெரியும், சேர். கடிதத்தோடு திருத்திய தாளும் புள்ளியும் வந்தன. நீங்கள் இந்த மேசையில் தாள் திருத்துவதைப் பார்த்திருக்கிறேன், அரைப்புள்ளியாக வெட்டுகிறவர் வேறு யார்? அது சரியான புள்ளி என்று நான் நம்பினேன். இவ்வளவு வருடத்தில் என் மொழி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். என் மகளின் தகலோக்கைத் திருத்துவதையும் விட்டுவிட்டேன்.”

அதைக் கேட்டபோது எனக்கு வந்ததைத் திகைப்பு என்று சொன்னால் போதாது. வேலை ஒன்றை மட்டும்தான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். கோள்களைச் சொந்த மொழியில் வகுப்பு வகுப்பாகப் படிப்பித்த ஒருவரை, அவருடைய வீட்டுக்குள்ளேயே, பிள்ளைக்கு முன்னால், வாய் மூட வைத்திருக்கிறேன். அவர் என்னை நம்பியதால்தான் அது நடந்தது. அந்தப் பகிடியை மண்டபத்தில் சொல்லிச் சிரித்த ஞாயிறுகளிலும் அவர் வீட்டில் அது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

நிலையத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்தாயிற்று என்று பதில் வந்தது. இனித் திருத்த வரவேண்டாம் என்றும் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். அவர் மாதம் முடியும்வரை வருவதாகச் சொன்னார், வந்தார். முன்போலவே தூக்கினார், முன்போலவே காலை வணக்கம் சொன்னார். அந்த நாட்களை நான் பெரும்பாலும் வெளியே நடந்து கழித்தேன்.

கடைசி நாள், வேலை முடிந்து பட்டியைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து தன் நாற்பது தொடர்களையும் எடுத்தார். இன்னொரு தரம் திருத்துங்கள் என்றார். என் முன்னால், ஒவ்வொன்றாக, எங்கே பிழை என்று சொல்லி.

எனக்குத் தகலோக் தெரியாது என்றேன். தெரியாமல்தானே போன முறையும் போட்டீர்கள் என்றார்.

இருவரும் மேசையில் இருந்தோம். அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொன்னார், நான் கேட்டேன், சந்தேகம் வந்த இடத்தில் திரும்பக் கேட்டேன். மோதிரத்துக்கு வெட்ட ஒன்றுமில்லை. விடிவெள்ளி என் ஆங்கிலத்தைவிட அவருடைய மொழியில் தெளிவாக இருந்தது. நாற்பதில் இரண்டு இடத்தில் மட்டும் பிழை இருந்தது, அதில் ஒன்றை அவரே கண்டுபிடித்துத் திருத்தினார். ஒன்பதரை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மகளுக்குக் காட்டவேண்டும் என்று சொல்லி அதை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டும்போது, நிமிராமலே கேட்டார்.

“முதலிலேயே இப்படிப் பார்த்திருந்தால் எவ்வளவு நேரம் போயிருக்கும், சேர்?”

“ஒரு மணித்தியாலம்” என்றேன்.

தலையாட்டினார். நாரியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழும்பி, படியில் இறங்கிப் போனார்.