ஆட்டுக்கண் இருமாது

போன மாதம் சில வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் எழுதவில்லை. ஆனையூர் பஸ் ஸ்டாப்பில்கூட ஒருவர் மடக்கிக் கேட்டுவிட்டார்... "என்னண்ணே, ஆளையே காணோம்?"

கண் ஆபரேஷன்.

புரைதானே, இப்போதெல்லாம் அது பல் பிடுங்குகிற மாதிரி என்பீர்கள். சரிதான். ஆனால், எனக்கு இருப்பதே ஒரு கண்! இடது கண்ணைச் சின்ன வயதில் கிட்டிப்புள் வாங்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருக்கும் வலது கண்ணில்தான் புரை. அதுவும் போனால்? எழுதுகிறவன் என்ன செய்வான்?

டாக்டர் நாற்பதைத் தாண்டிய பெண்மணி. உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். டெஸ்ட் எல்லாம் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"ஸார், மரத்துப்போற சொட்டு மருந்து விட்டே செய்யப் போறேன். முழிச்சுத்தான் இருப்பீங்க. இருமல் வந்தா மட்டும் அடக்காதீங்க. 'இருமல்'னு சொல்லுங்க. அம்புட்டுத்தான்."

தலையாட்டினேன். பக்கத்தில் என் மனைவி ரோஸி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

தியேட்டர். முகத்தில் பச்சைத் துணி. கண்ணுக்கு நேரே வெளிச்சம். எங்கோ ஒரு மெஷின் முனகுகிறது. வலி இல்லை. பாதி முடிந்திருக்கும் என்று நினைத்தபோது... தொண்டையில் அரிப்பு.

சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை! இத்தனை நுணுக்கமான வேலையை நடுவில் நிறுத்தச் சொல்வதா என்று ஒரு கூச்சம். மூச்சைப் பிடித்தேன். அரிப்பு ஏறியது. கால் விரல்கள் மடங்கின. நெஞ்சு ஒரு தடவை குலுங்கியது.

"ஸார், மூச்சை ஏன் பிடிக்கிறீங்க?"

"இரு..."

மெஷின் நின்றது. "கையை வெளிய எடுத்துட்டேன். இப்ப இருமுங்க. நல்லா இருமுங்க."

இருமித் தீர்த்தேன். மெஷின் மறுபடி ஓடவில்லை. துணிக்கு அடியில் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஸார், உள்ளதைச் சொல்லிடுறேன். லென்ஸ் வைக்கிற பை லேசா கிழிஞ்சிருக்கு. சமாளிச்சிரலாம், கொஞ்சம் நேரமாகும். சொல்லிக்கிட்டே செய்றேன். பயமா இருக்கா?"

"இருக்கு மேடம்."

"இருக்கட்டும். மூச்சை மட்டும் விட்டுக்கிட்டே இருங்க."

சொன்னபடியே செய்தார். "இப்ப தண்ணி ஓடுற மாதிரி இருக்கும்... இப்ப லேசா அழுத்தும்... இதோ, லென்ஸ் உள்ள போகுது." குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். ஒரே பனிமூட்டம். "எத்தனை விரல்?" என்றார் டாக்டர். கை தெரிந்தது... விரல் தெரியவில்லை. "வீக்கம் ஸார். வடியட்டும், பொறுங்க" என்றார். பொறுத்தேன் - தூக்கமில்லாமல்.

அடுத்த செக்கப்பில் சுவர் அட்டையின் பொடி எழுத்துகளை நான் வாசிக்க வாசிக்க, ரோஸி தேம்பித் தேம்பி அழுதாள்.

அப்போதுதான் கேட்டேன். "நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

டாக்டர் சிரித்தார். "படிக்கும்போது கறிக்கடையிலேருந்து ஆட்டுக்கண் வாங்கியாந்து, அதுலதான் வெட்டவும் தைக்கவும் பழகுவோம். கை பழகிரும் ஸார். ஆனா ஆட்டுக்கண் இருமாதே! அதுக்குப் பயமும் கிடையாது. காது மனுஷங்க மூச்சைக் கேட்டுப் பழகத்தான் வருஷக்கணக்கா ஆச்சு."

இப்போது வேறு எந்த டாக்டரிடம் போனாலும், ரோஸி என்னை முழங்கையால் இடிக்கிறாள். "சரியானது உங்க கண்ணு... அதை வச்சுக்கிட்டு ஏன் டாக்டரோட காதையே பாத்துக்கிட்டிருக்கீங்க?"