தந்தைவழிக் குடும்பப்பெயர் (கட்டாயம்)

டோன்யா என்று ஊரார் மரியாதையாக அழைக்கும் காசிமிரா கோல்க்கே, பொலிவிய மலைநகரம் ஒன்றின் நீதிமன்ற வாசலில் குடை விரித்து, இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பிறருக்குப் படிவம் நிரப்பி வாழ்ந்தவர். முதலில் தட்டச்சு இயந்திரம், பிறகு மடிக்கணினி. இணையதளங்களைப் பற்றி அவருக்கு உறுதியான கருத்து உண்டு. நல்ல தளம், என்னென்ன காகிதம் வேண்டுமென்று வாசலிலேயே சொல்லிவிடும். கெட்ட தளம் பதினோராம் பக்கம் வரை இன்முகத்தோடு அழைத்துப்போய், அங்கே சிவப்பில் ‘பிழை’ என்று மட்டும் சொல்லும். என்ன பிழையென்று சொல்லாது.

நகராட்சியின் புதுத் தளம் இரண்டாம் வகை. நடைபாதையில் தொழில் செய்வோர் வெள்ளி மாலை ஆறு மணிக்குள் அதில் பதிய வேண்டும். பதியாதவருக்கு இடம் போய்விடும். அந்த வாரம் பழக்காரிகள், செருப்புத் தைப்பவர்கள் என்று நாற்பது பேரைப் பதிந்து கரையேற்றிவிட்டு, வெள்ளி மாலை நான்கு மணிக்குத்தான் காசிமிரா தமக்கானதைத் திறந்தார்.

தந்தைவழிக் குடும்பப்பெயர். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.

அந்த நாட்டில் தகப்பனுடையது முன்னும் தாயுடையது பின்னுமாக இரண்டு குடும்பப்பெயர் வழக்கம்; அவருக்கு முன்னது கிடையாது. கோல்க்கே அம்மாவுடையது. பிறப்பைப் பதியப் போன இடத்தில் குமாஸ்தா தகப்பன் பெயரை மூன்று முறை கேட்டாராம். துணி வெளுத்துப் பிழைத்த அந்த அம்மா மூன்று முறையும் வாய் திறக்கவில்லை. குமாஸ்தா ஒரு கோடு இழுத்தார். காகிதம் கோட்டை ஏற்றுக்கொண்டது.

தளம் ஏற்கவில்லை. கோடு போட்டார்: பிழை. புள்ளி வைத்தார்: பிழை. யோசித்துக்கொண்டிருந்தார்: பத்து நிமிடம் ஆகிவிட்டதென்று தளம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மரியாதையாக நல்வரவு கூறியது.

பக்கத்துக் குடையில் அதே தொழில் செய்யும் டோன் எலியோடோரோ மமானி எட்டிப் பார்த்தார்.

“என்னோட மமானியைப் போட்டுக்கங்க டோன்யா. ஊர்ல பாதிப் பேரு வச்சிருக்கான், குறைஞ்சா போயிடும்?”

“நீங்க என்னைவிட மூணு வயசு சின்னவரு. அப்பனா வர்றவரு அதையாவது பாக்க வேணாமா?”

ஏதாவது ஒரு பெயரை அடித்தால் இடம் தப்பிக்கும். அம்மா கடைசிவரை சொல்லாத பெயரை, நகராட்சி கேட்கிறதே என்று மகள் உண்டாக்குவதா?

ஐந்தரைக்கு உதவி எண்ணில் ஒரு பெண் அகப்பட்டாள். இல்லையென்றால் இல்லை என்றே அடிக்கச் சொன்னாள்.

“அது பேராயிடாதா, மகளே?”

“பேரா இல்லையான்னு சிஸ்டத்துக்குத் தெரியாதும்மா.”

ஸ்பானிய மொழியில் ‘நோ தியேனே’ என்று அடித்தார். இல்லை. தளம் பச்சையாகி வாழ்த்துச் சொன்னது.

திங்களன்று நகராட்சி ஆய்வாளர் பட்டியலோடு வந்து, “திருமதி நோ தியேனே கோல்க்கே” என்று உரக்கக் கூப்பிட்டார். நடைபாதையே திரும்பிப் பார்த்தது. காசிமிரா எழுந்து நின்றார்.

கேள்விப்படாத குடும்பப்பெயராக இருக்கிறதே, எந்த ஊர்க்காரர்கள் என்று ஆய்வாளர் விசாரித்தார்.

“பெரிய குடும்பங்க ஐயா. எல்லா ஊர்லயும் இருக்கோம்.”

அவர் தலையசைத்து முத்திரை குத்தினார்.