என் போன்கோல்தான் மலையில் அடித்தது

மகள் தோழியோடு ரொக்கி மலைகளுக்குப் பனியில் சறுக்கப் போயிருந்தாள். புதிதாக விழுந்த பனி அடியில் இருந்ததோடு ஒட்டவில்லை, சரியக்கூடும் என்று முதல்நாளே சொன்னாள்.

"போனை நிப்பாட்டிப்போடாதை பிள்ளை, நான் எடுப்பன்" என்றேன்.

மோர்னிங்சைட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காலை முழுவதும் அவளுக்குப் போன் எடுத்தேன். பதில் சொன்னாள். மத்தியானத்துக்குப் பிறகு மணி அடித்தது, ஆனால் அவள் எடுக்கவில்லை. விடாமல் அடித்தேன்.

இருட்டிய பிறகு அவளே எனக்குப் போன் எடுத்தாள்.

"ஸ்னோ சரிஞ்சு என்ர சிநேகிதியை மூடிப்போட்டுது, அப்பா."

"ஐயோ! உயிரோட இருக்கிறாளே?"

"ஓம். ஆனா தேடேக்க என்ர பீக்கன் பிழையான பக்கமெல்லாம் காட்டினது."

பீக்கன் என்பது பனிக்குள் புதைந்தவரின் சிக்னலைப் பிடிக்கும் கருவி. அங்கே போகிறவர்கள் அதை மார்பில் கட்டியிருப்பார்கள்.

"ஏன் அப்பிடி?"

"பக்கத்துப் பொக்கற்றில என்ர போன் அடிச்சுக்கொண்டே இருந்தது. அதை நிப்பாட்டின பிறகுதான் சிக்னல் சரியா வந்தது."

மத்தியானத்துக்குப் பிறகு விடாமல் அடித்தது நான்தான்.

இப்போதும் அவள் மலைக்குப் போகிறாள். அந்த நாட்களில் அவள் பெயரைப் போன் திரையில் பார்த்தபடி, விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.