இருபத்தொன்பது அடி நான்கு அங்குலம்

அந்த அளவை எழுதியது நீங்கள்தான். நான் இல்லை.

மலாக்கா காஜா பேராங்கில் கடை மாடியில் இருந்த அந்த வீட்டுப் பிளான் ஆபீசில் நீங்கள் தலைமை டிராப்ட்ஸ்மேன், நான் டிரேசர். மெர்டேக்கா, அதான் நம் நாட்டுச் சுதந்திரம், வந்து இரண்டு வருடம் இருக்கும். நீங்கள் தாளில் பென்சிலால் வரைவீர்கள். அதன்மேல் மெழுகு பூசிய துணியை விரித்து, அடியில் தெரியும் கோடுகளை நான் மையால் எடுப்பேன். மை காய்ந்ததும் பென்சில் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிடுவோம். அதுதான் ஆபீஸ் வழக்கம். துணிதான் பிளான். அதன் மூலையில் வரைந்தவர், டிரேஸ் செய்தவர், சரிபார்த்தவர் என்று மூன்று கட்டம் இருக்கும்.

அந்த வருடம் முதலாளி ஒரு கூட்டல் மெஷின் வாங்கி வைத்தார். எண்ணை அழுத்திக் கைப்பிடியை இழுத்தால் கூட்டித் தரும். உங்களைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. அந்த மெஷினில் அங்குலத்துக்கு இடமே கிடையாது. அதற்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும். அடிக்கோ பன்னிரண்டு அங்குலம்.

ஒரு லாரி டிரைவரின் வீடு வந்தது. வரிசையாக மூன்று அறை. சுவரோடு சேர்த்து ஒவ்வொன்றும் ஒன்பது அடி எட்டு அங்குலம். நீங்கள் ஒன்பது புள்ளி எட்டு என்று மூன்று தடவை அழுத்தினீர்கள். இருபத்தொன்பது புள்ளி நான்கு வந்தது. மொத்தம் இருபத்தொன்பது அடி நான்கு அங்குலம் என்று எழுதிவிட்டீர்கள். நிலத்தின் அளவு இருபத்தொன்பது அடி ஒரு அங்குலம்தான் என்று வேறொரு தாளில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

மை எடுக்கும்போதே எனக்கு இடித்தது.

“அண்ணே, மூணு ரூமையும் கூட்டினா சரியா இருபத்தொம்போது அடிதான் வருது. இந்த நாலு அங்குலம் எங்கேருந்து வந்திச்சி?”

“மெஷின்லேருந்து வந்திச்சி. நீ அதவிடக் கெட்டிக்காரியா?”

“வெரல் விட்டு எண்ணினாலே தெரியுதுண்ணே.”

“அப்போ முதலாளிகிட்ட சொல்லி மெஷின வித்துட்டு ஒன் வெரல வாங்கச் சொல்றேன். மை போடு தங்கச்சி. ஒன் வேல அதான்.”

ஆபீசே சிரித்தது. நான் மை போட்டேன். என் தப்பு அதுதான், வேறில்லை. என் கட்டத்தில் என் பெயரின் முதலெழுத்தையும் போட்டேன். மற்ற இரண்டு கட்டத்தையும் அப்புறம் நிரப்புவதாகச் சொன்னீர்கள். நிரப்பவே இல்லை.

கொத்தனார் மொத்த அளவைப் பிடித்து அஸ்திவாரம் போட்டார். சுவர் கூரை மட்டத்துக்கு வந்தபோது பக்கத்து நிலத்துக்காரர் டேப்போடு வந்து நின்றார். சுவர் மூன்று அங்குலம் அவர் நிலத்தில் இருந்தது. இடித்தார்கள். டிரைவரின் மனைவி கைக்குழந்தையோடு நின்று பார்த்தாள்.

முதலாளி துணியை மேசைமேல் விரித்து, “சியாப்பா துலிஸ்?” என்றார். யார் எழுதியது என்று கேட்டார். மூலையில் இருந்தது என் எழுத்து மட்டும்தான். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் பென்சில் சீவிக்கொண்டே மலாயில் பதில் சொன்னீர்கள். பென்சிலில் சரியாகத்தான் இருந்ததாம். பெண்பிள்ளை அவசரத்தில் மாற்றி எடுத்துவிட்டதாம். அந்தப் பென்சில் தாள் குப்பைக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

அன்றைக்கே என்னை அனுப்பிவிட்டார்கள். மலாக்காவில் வேறு மூன்று ஆபீஸ் ஏறினேன். மூன்றாவது இடத்தில், “நீதானே அந்த நாலு அங்குலப் பொண்ணு?” என்று கேட்டுவிட்டு அந்த ஆள் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அதன் பிறகு நான் மைப்பேனா பிடிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து ரவிக்கை தைத்தே கண் போயிற்று.

இதை எழுதி எதுவும் ஆகப் போவதில்லை. முதலாளி செத்துவிட்டார். டிரைவர் குடும்பம் எங்கே போயிற்று என்று தெரியாது. அடியும் அங்குலமும் போய் மீட்டர் வந்துவிட்டது. என் கணக்கைப் போட்டுப் பார்க்கக்கூட யாரும் உட்காரமாட்டார்கள்.

ஆனால் அடுத்த மாதம் சங்க மண்டபத்தில் உங்களுக்கு மாலை போடுகிறார்களாம். பிழையே இல்லாத கை என்று நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். நானும் வருவேன். மாலையைக் கழற்ற வேண்டாம். கழுத்தில் இருக்கட்டும். மைக்கைப் பிடித்து எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லுங்கள். ஒன்பது அடி எட்டு அங்குலம், மூன்று தடவை. மொத்தம் எவ்வளவு? இருபத்தொன்பது அடி நான்கு அங்குலம் என்று எழுதியது யார்?