கறுப்பைக் கண்டு பயந்தவர்கள்

போன வாரம் திருச்சியிலிருந்து மருங்காபுரிக்கு வரும் பஸ்ஸில், நின்றுகொண்டிருந்த ஒரு பெண் தன் கைக்குழந்தையை என் மடியில் வைத்துவிட்டாள். "கொஞ்சம் பிடிச்சுக்கங்கய்யா, டிக்கெட் எடுத்துக்குறேன்" என்றாள். என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஆடிப்போய்விட்டேன். கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், விரலுக்கு விரல் மோதிரம், கண்ணில் மை. இப்படி உட்கார்ந்திருக்கிறவன் மடியில் யாராவது பிள்ளையை வைப்பார்களா?

குழந்தை என் மோதிரத்தைச் சப்பியது. அதன் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டில் விளக்கெண்ணெய் வாசனை. அந்த வாசனை அடித்தால் எனக்கு வனிதா ஞாபகம்தான் வரும்.

வனிதா மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தாள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர் என்று சுற்றிவிட்டு அப்போது ஒரு மைக் செட் கடையில் ஒயர் சுமந்துகொண்டிருந்தேன். வெளிநாட்டில் ஒரு கூட்டம் கறுப்பு உடுத்தி, கண்ணுக்கு மை தீட்டி, சாவைப் பற்றிய பாட்டாகக் கேட்டுக்கொண்டு திரிகிறது, அதற்குக் 'கோத்' என்று பெயர் என்று அவள்தான் கம்ப்யூட்டரில் காட்டினாள். பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். ஒயர் சுமக்கிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதைப் போட்டால் பார்ப்பார்கள் என்று தோன்றியிருக்கலாம்.

ஐந்தாறு பேர் சேர்ந்தோம். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு அறை இருந்தது. அங்கே அலுமினிய அண்டாவில் சாயம் காய்ச்சிச் சட்டைகளை முக்கி எடுப்போம். திருச்சி வெயிலில் கறுப்புச் சட்டை என்றால் உங்களுக்கே தெரியும். வேர்வையோடு சாயமும் இறங்கி முதுகெல்லாம் கோடு கோடாக இருக்கும். வனிதா விளக்கெண்ணெயில் கரி குழைத்து எங்களுக்குக் கண் எழுதுவாள். மத்தியானத்துக்குள் அது கன்னம்வரை வழிந்துவிடும். பயமுறுத்தக் கிளம்பியவர்கள், எங்கேயோ அடிவாங்கி அழுதுவிட்டு வந்தவர்கள் மாதிரி நிற்போம்.

ஆனாலும் பயந்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். கோயிலுக்குக் கிளம்பிய மாமி ஒருவர் எங்களைப் பார்த்து, "ஏன்டாப்பா, பெருமாளைச் சேவிக்கப் போறச்சே எதிர்ல இப்படியா வந்து நிப்பேள்?" என்று திரும்பி வீட்டுக்குள் போய், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார். அன்றைக்கெல்லாம் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒவ்வொருவராக வெளிர் நிறத்துக்குப் போனார்கள். வனிதா லால்குடியில் வாழ்க்கைப்பட்டாள். நான் மட்டும் மாறவில்லை. முதுகு போனது, மைக் செட் வேலையும் போனது. மருங்காபுரிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் காவல் வேலை கிடைத்தது. ராசாத்தி அக்காவின் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறைக்குக் குடிவந்தேன்.

அது கார்த்திகை மாதம். அக்கா முன்பணம் கேட்கவில்லை. காலையில் இட்லி வந்தது. பெரியவர்கள்கூடக் கும்பிட்டார்கள். கிராமத்து மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நெகிழ்ந்துபோயிருந்தேன். தை பிறந்து, ஒருநாள் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தபோது அக்கா வாசலில் வந்து நின்றார்.

"சாமி, மலைக்குப் போயிட்டு எப்ப வந்தீங்க? அரவணைப் பாயசம் எங்க?"

"எந்த மலைக்குக்கா?"

என் தாடியையும் சங்கிலியில் தொங்கிய மண்டையோட்டையும் உற்றுப் பார்த்தார். அதுவரை அதை ஐயப்பன் டாலர் என்று நினைத்திருந்தாராம். கோத் என்றால் என்ன என்று விளக்கப் பார்த்தேன். கருவாடு தீய்ந்துவிட்டது.

அதற்கப்புறம் இட்லி நின்றது. ஊரில் பேச்சு கிளம்பியது. கறுப்பை விடணும், இல்லாவிட்டால் வீட்டை விடணும் என்று ஆள்மேல் ஆள் வந்து சொன்னார்கள். வேறு போக்கிடம் இல்லை. யோசனை கேட்க வனிதாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னுமாடா அதப் போட்டுக்கிட்டுத் திரியிற? பேசாம ஒரு வெள்ளை வேட்டி வாங்கிக் கட்டு. என் கறுப்புப் பாவாடையெல்லாம் எப்பவோ அடுப்படியில கரித்துணி ஆயிடுச்சு."

கரித்துணி! அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். நேரே அக்காவிடம் போய், சட்டையை மாற்ற மாட்டேன், காலி செய்துகொள்கிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த வயசுல உங்களப் பாத்து யாரு தம்பி பயப்படப் போறா? ஊரு கெடக்குது, இருங்க. ஆனா ஒண்ணு, விதைக்கிற அன்னைக்கு மட்டும் காட்டுப் பக்கம் வந்துடாதீங்க."

முதல் பாதியில் நொறுங்கியவன் இரண்டாம் பாதியில் பிழைத்தேன். வருஷத்தில் ஒரு நாளாவது என் கறுப்புக்கு மதிப்பிருந்தது. ஒவ்வொரு ஆடியிலும் கடலை விதைக்கிற அன்று கதவைச் சாத்திக்கொண்டு, பழைய பாட்டுகளைப் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி உள்ளே இருப்பேன்.

இந்த ஆடியில் அக்கா அந்தக் கதவைத் தட்டினார்.

"உள்ள என்ன பண்றீங்க? மானம் இருட்டுது. வந்து கடலை போடுங்க."

"அக்கா, கறுப்பு..."

"கறுப்பாவது வெளுப்பாவது! ஆளு இல்ல தம்பி. எல்லாம் திருப்பூர் போயிடுச்சு."

பாட்டை நிறுத்தினேன். பிறகு போனேன். முன்பெல்லாம் ஒரு பட்டாளமே குனிந்து விதைத்த காட்டில் அக்காவும் நானும் மட்டும், டிராக்டருக்குப் பின்னால், மடியில் விதைக்கடலையோடு நடந்தோம். கண்மை வழிந்தது. பாதையில் போன யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.