பத்தாவது கொக்கி

பல்கலைக்கழகப் படிப்பை முடித்தவுடன் ஜெர்மனியில் யாரும் ஆசிரியராகிவிட முடியாது. ஒரு பாடசாலையில் பதினெட்டு மாதம் தொழில் பழக வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் என்னை ஒரு மலைச் சிற்றூரின் ஆரம்பப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். அம்மாவும் அப்பாவும் ஸ்டுட்கார்ட்டில் இருந்தார்கள். அங்கிருந்து ரயிலேறி, பிறகு பஸ்ஸும் பிடித்தால்தான் இந்த ஊர் வரும். ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்தேன். அந்த ஊரில் தமிழ் பேச நான் ஒருத்திதான், ஆகவே பேசவில்லை.

முதல் நாள் காலை இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போனேன். நீள மேசையைச் சுற்றி ஒன்பது பேர். தண்ணீர்த்தொட்டிக்கு மேலே ஒரு பலகையில் பத்துக் கொக்கிகள் இருந்தன, ஆளுக்கொரு குவளை, ஆளுக்கொரு கொக்கி. எனக்கு வழிகாட்டியாக நியமிக்கப்பட்டிருந்த மூத்த ஆசிரியை எழுந்து, "கோப்பி குடிக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"வேண்டாம், நன்றி" என்றேன்.

"நல்லது" என்று சொல்லி உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒன்பது பேர் உறிஞ்சிக் குடிக்க, நான் வெறுங்கையோடு குந்தியிருப்பதா? மூன்றாம் நாள் ஒரு ஃபிளாஸ்கில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரைபட அறைக்குப் போனேன். உருட்டிவைத்த தேசப்படங்களும் கால் உடைந்த உலக உருண்டையும் இருக்கும் அறை அது. இடைவேளை இருபது நிமிடம். சுவரைப் பார்த்துக்கொண்டு தனியே இருப்பவருக்கு அது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வகுப்புக்குள் நான் வேறு ஆள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்துமூன்று பேரும் என்னை ஒரு நிமிடம் சும்மா விடமாட்டார்கள். விழுந்த பல்லைக் கொண்டுவந்து காட்டுவார்கள், என் பின்னலைத் தொட்டுப் பார்ப்பார்கள். என் கற்பித்தலுக்குப் புள்ளி போடப் பரீட்சகர் வரும் நாட்களில் அவர் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில், முழங்கால் நாடியில் இடிக்கிறமாதிரி மடங்கி உட்கார்ந்து, நான் சொல்வதையெல்லாம் எழுதுவார். அவருக்குக்கூட நான் பயந்ததில்லை. மணி அடிக்கும்போதுதான் பயம் வரும்.

வழிகாட்டி ஆசிரியை என் பாடங்களைப் பார்த்துத் திருத்தங்களைச் சின்னத் தாள்களில் எழுதி எனக்கென்றிருந்த தபால் தட்டில் போட்டுவிட்டுப் போவார். 'கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருங்கள்.' 'கரும்பலகைக்கு முதுகு காட்டுங்கள், பிள்ளைகளுக்கு அல்ல.' எல்லாம் நல்ல திருத்தங்கள்தான். வாய் திறந்து சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும் என்று பொருமுவேன்.

தினமும் காலையில் ஆசிரியர் அறையில் என் குளிர்கோட்டைக் கழற்றி மாட்டும்போது அந்தப் பலகை கண்ணில் படும். பத்தாவது கொக்கியில் ஒரு மஞ்சள் குவளை தொங்கியது. அதை யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றுப் போனவரோ செத்துப்போனவரோ, யாருடையதோ என்று நினைத்தேன். இல்லாத ஆளுக்குக் கொக்கி இருக்கிறது, இருக்கிற எனக்கு ஒரு வாய் கோப்பி இல்லை. அந்தக் குவளையைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிலையத்துத் தொலைபேசிக் கூண்டிலிருந்து அம்மாவுக்கு எடுப்பேன்.

"அங்கத்தை ஆக்கள் நல்ல மாதிரியே பிள்ளை?"

"ஓம் அம்மா, நல்ல மாதிரி."

"தேத்தண்ணி கீத்தண்ணி தருவினமே?"

"தருவினம் அம்மா, தருவினம்."

தொலைபேசிக் கார்டு முடிந்துவிட்டது என்று பொய் சொல்லி வைத்துவிடுவேன். கார்டில் எப்போதும் மிச்சம் இருக்கும்.

பதின்மூன்றாவது மாதம் அதிபர் என்னைக் கூப்பிட்டார். கண்டிப்பான, நேர்மையான பெண்மணி. என்னைப் பற்றிய அறிக்கையின் வரைவை வாசித்துக் காட்டினார். கற்பித்தல் மிகச் சிறப்பு, பிள்ளைகளோடு உறவு மிகச் சிறப்பு. பிறகு ஒரு வரி: 'சக ஆசிரியர்களோடு சேர்வதில்லை, ஒதுங்கியே இருக்கிறார்.' அந்த ஆண்டு ஆசிரியர் வேலைகள் அரிதாக இருந்தன. அந்த ஒரு வரியால் புள்ளி இறங்கினால், பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு ஸ்டுட்கார்ட்டுக்குப் போய் அம்மா செய்யும் வேலையையே செய்து, அவரோடு அலுவலகங்களைக் கூட்டித் துடைக்க வேண்டியதுதான்.

"நான் ஒதுங்கவில்லை. ஒதுக்கினார்கள்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "இத்தனை மாதத்தில் ஒருவரும் என்னை ஒரு கோப்பிக்குக் கூப்பிடவில்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கூப்பிட்டோமே. முதல் நாளே. நீங்கள் வேண்டாம் என்றீர்கள். பிறகு இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு வருவதையும் விட்டுவிட்டீர்கள்."

"ஒருமுறைதானே கேட்டீர்கள்!"

"எத்தனை முறை கேட்க வேண்டும்?" உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பேக்கரிக்கு மேலிருந்த என் அறைக்கு நடந்து போகையில்தான் உறைத்தது. எங்கள் வீடுகளில் முதலில் கேட்டவுடன் ஓம் என்று சொல்பவள் காணாததைக் கண்டவள். முதல் தரம் வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தரம், "பரவாயில்லை, இப்பதான் குடிச்சனான்." மூன்றாம் தரம் கையில் திணிப்பார்கள், வாங்கிக்கொள்வோம். இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம். ஆனால் ஒரு ஜெர்மன்காரர் வீட்டில் விருந்தாளியாக இருந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் கோப்பி தந்தது இயந்திரம், அது யாரையும் கேட்பதில்லை. நான் முதலாவது 'வேண்டாம்' சொல்லிவிட்டு, இரண்டாவது கேள்விக்குப் பதின்மூன்று மாதம் ஒரு வரைபட அறையில் காத்திருந்திருக்கிறேன். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. என் மேலேயே கோபம்தான் வந்தது.

அந்த வரி என்னவாயிற்று என்று கவலைப்படுகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: இறுதி அறிக்கையில் அது இல்லை. எனக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் அன்று அதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், மறுநாள் நானாகப் போய்க் கேட்க வேண்டும் என்பதுதான். பிறர் இடத்தில் வாய்விட்டுக் கோப்பி கேட்பதா? அம்மா கேள்விப்பட்டால் ஒரு மாதம் தலை நிமிர்ந்து நடக்கமாட்டார்.

இடைவேளை மணி அடித்தது. ஃபிளாஸ்கை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஆசிரியர் அறை வாசலில் நின்றேன். ஒன்பது முகங்களும் திரும்பின.

"எனக்கும் கோப்பி கிடைக்குமா?"

வழிகாட்டி ஆசிரியை எழுந்தார். தண்ணீர்த்தொட்டிப் பக்கம் போய், பத்தாவது கொக்கியிலிருந்து அந்த மஞ்சள் குவளையை எடுத்தார். குழாயைத் திறந்து, உள்ளே படிந்திருந்த தூசியை விரல் விட்டுக் கழுவினார்.

"அது யாருடையது?" என்று கேட்டேன்.

"உங்களுடையது. நீங்கள் வருவதற்கு முந்தின வாரம் வாங்கினேன்." என்னைப் பார்க்காமல் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். "குடிப்பதில்லை என்றீர்கள். கழற்றி வைக்கத்தான் மனம் வரவில்லை."

கண்ணில் நீர் முட்டிவிட்டது. மறைக்க இடமில்லை, ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் தன் புத்தகங்களைத் தள்ளி மேசையில் எனக்கு இடம் விட்டார். வழிகாட்டி ஆசிரியை குவளையை நிரப்பிக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"சீனி...?" என்று தொடங்கினார்.

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன், அவர் கேட்டு முடிப்பதற்குள். எனக்குக் கோப்பிக்குச் சீனி பிடிக்காது. அன்று இரண்டு கரண்டி போட்டு, அடிவரைக்கும் குடித்தேன்.