பல்லிக்கு அலறுகிறவள் ஏறிய மலை

ஊருக்குள் ஸ்கூட்டரில் பறப்பேன். போடிமெட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் என்றால் மட்டும் வண்டியையே எடுக்க மாட்டேன். எப்படித் திருப்புவது என்று என் கணவர் ஒரு வருஷமாக வாயாலேயே பாடம் எடுத்தார். "பயம் என் பிறவிக்குணம், ஆளை விடுங்க" என்று எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் எங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்கு இருவரும் வாடகை ஜீப்பில் போகும்போது, மலைப்பாதையில் ஒரு ஸ்கூட்டர் எங்களை முந்தியது. ஓட்டியவள் என் ஓரகத்தி! பல்லியைக் கண்டாலே அலறுகிறவள். அவளால் முடிந்தால் எனக்கென்ன கேடு?

மறுநாளே தனியாக ஏறினேன். உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

வீடு திரும்பியதும் கணவர் மெல்லக் கேட்டார்: "நாளைக்கு ஒம் பின்னாலயே நானும் வண்டியில வரட்டா? எனக்கும் அந்த வளைவுன்னா பயந்தான்."